காலி அடைப்புக்குள் எல்லோரும்

முதலில் என் பெயரை எழுதுங்கள். இனிஷியலோடு, முழுசாக, முதல் வரியிலேயே. நடந்ததை அப்புறம் எழுதிக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.

எழுதியாயிற்றா? கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள். ம், சரிதான். போலீஸ் ஸ்டேஷனில் இப்படி ஒரு கையெழுத்தா, முத்து முத்தாக இருக்கிறது மேடம்.

நான் சிரிப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்டுவிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே என் அம்மா என்னை வளர்த்தாள். "என்ன வேணா கேளு. லீவு கேளு, உக்கார நாற்காலி கேளு. என் பேரைப் போடுன்னு மட்டும் கேக்காதே. கேட்டா இருக்கறதும் போயிடும்." அம்மா அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு துடைப்பவள். ஒரு நாள் அங்கே ஒரு வீட்டம்மாவிடம், "ஏய்னு கூப்பிடாதீங்கம்மா, எனக்குப் பேரு இருக்கு" என்று சொல்லிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தண்ணீர் கேட்பதுபோலத்தான் சொன்னாளாம். மறுநாள் அந்தப் படிக்கட்டைத் துடைக்க வேறொருத்தி வந்துவிட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் பெயர் என்பது பெட்டிக்குள் மடித்து வைக்கிற நல்ல துணி.

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த பட்டம், வால் வைத்து நூலில் பறக்கிறதுதான். சரி, நீங்கள் சிரிக்க வேண்டாம், எழுதவும் வேண்டாம். இன்றைக்கு எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குறுக்கே பேசாமல் ஒருவர் உட்கார்ந்து நான் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்வது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. தலை லேசாகக் கிறுகிறுக்கிறது. ராட்டினத்தில் ஏறாமலே.

ராட்டினத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறது. இரும்பை வளைத்து ராட்டினம் செய்கிறவர்கள் வேறு ஆட்கள். அது எப்போது சுற்ற வேண்டும், எப்போது நிற்க வேண்டும், யாரை இறக்கிவிட வேண்டும் என்று அதன் காதில் ஓதுகிறவர்கள் நாங்கள். இந்த ராட்டினம் எங்களுக்குப் பெரிய வேலை. ஒவ்வொரு கூண்டும் எங்கள் சமையலறை அளவு இருக்கும், சுற்றிலும் கண்ணாடி. உச்சிக்குப் போனால் ஊரே தட்டில் வைத்த மாதிரி தெரியும் என்று சொன்னார்கள்.

நான் எழுதியது ஒரு மெத்தட். பயப்படாதீர்கள், மெத்தட் என்றால் ஓர் உத்தரவு, அவ்வளவுதான். சாதாரணமாக ஓர் உத்தரவோடு எத்தனை விஷயம் கொடுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கும். இரண்டு என்று எழுதி வைத்திருந்தால் இரண்டுதான். மூன்றாவது கொடுத்தால் வாங்காது, ஒன்று குறைந்தால் கத்தும். ராட்டினத்துக்கு இந்தக் கறார் ஒத்துவராது. ஒரு நேரம் ஒரு கூண்டில் ஆள் இருப்பார்கள், ஒரு நேரம் ஏழு கூண்டில் இருப்பார்கள். அதற்கென்று ஒரு வழி உண்டு. மெத்தட்டின் வாயில் மூன்று புள்ளி வைத்துவிட வேண்டும். உடனே அது கடைக்குக் கொண்டுபோகும் துணிப்பை ஆகிவிடும். ஒன்று போட்டாலும் சரி, ஒன்பது போட்டாலும் சரி, ஏன் என்று கேட்காது. காலியாக நீட்டினாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். இந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் ஓர் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சாருக்கு அது போதவில்லை. சார் என்றால் எங்கள் டீம் லீட். அவருக்கு எதுவும் திரையில் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். "மெத்தட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடறதெல்லாம் பழசும்மா, ஆப்பரேட்டரா மாத்திடு" என்றார். கூட்டல், கழித்தல் மாதிரியான குறிகளுக்கு நம் இஷ்டத்துக்கு அர்த்தம் கொடுப்பது அது. ஆனால் கூட்டலுக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர்தான் நிற்க முடியும், கல்யாண போட்டோவில் நிற்கிறதுபோல. சதுர அடைப்புக்குறிதான் தாராளம். ஆபீஸ் லிஃப்ட் மாதிரி எத்தனை பேரையும் உள்ளே திணிக்கலாம். ஆகவே ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் அடைப்பு போட்டு, உள்ளே நான்கு, ஒன்பது என்று எழுதினால் அந்தக் கூண்டுகள் வரிசையாகக் கீழே வந்து மேடையில் நிற்கும், கதவு திறக்கும், ஆட்கள் இறங்குவார்கள். சார் அதைப் பார்த்துவிட்டுக் கவிதை என்றார். போகிற வருகிற எல்லோரையும் இழுத்து உட்காரவைத்துக் காட்டினார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும், உள்ளே ஒன்றுமில்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பேன். ஒன்றுமில்லாத வீட்டில் வளர்ந்தால் அது தானாக வரும். மீட்டிங்கில் கேட்டேன். "அடைப்புக்குள்ள காலியா வந்தா என்ன சார் செய்யும்?"

"காலியா யாரும்மா கூப்பிடப் போறா? நீ ஏன் எப்பவும் காலியாவே யோசிக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல ஜோக்தான். பிறகு சொன்னேன். "சிவப்பு பட்டன் காலியாத்தான் சார் கூப்பிடும்." சிரிப்பு பாதியில் நின்றது. சிலர் வாயை மூட மறந்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். ஆபத்து என்றால் ராட்டினத்தை ஓட்டுகிற அண்ணன் மேடையில் இருக்கும் சிவப்பு பட்டனை அமுக்குவார். அந்த நேரத்தில் நான்காம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்று பாடிக்கொண்டிருக்க மாட்டார். முறைப்படி அந்தப் பட்டன் நேராக ஒரு கம்பி வழியாகப் போய் மோட்டாரை நிறுத்த வேண்டும். ஆனால் அப்படி நின்றால் கூண்டு உலுக்கும், பெரிய மனிதர்களின் சட்டையில் காபி கொட்டும் என்று சார் அதையும் எங்கள் புரோகிராம் வழியாகவே கொண்டுவந்திருந்தார். டிக்கெட் விஷயமும் அதே கதைதான். மேடையில் டிக்கெட்டைக் காட்டினால்தான் எந்தக் கூண்டில் ஆள் இருக்கிறது என்பது ராட்டினத்துக்குத் தெரியும். காட்டாமல் ஏறினால் அதைப் பொறுத்தவரை உள்ளே யாருமே இல்லை. யாருமே இல்லையென்றால் யாரை இறக்கிவிடுவது? அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், சந்தோஷமாக.

அன்று சாயங்காலம் ஒரு வரி எழுதினேன். அடைப்பு காலியாக வந்தால், எல்லாக் கூண்டுகளையும் எடுத்துக்கொள். யாரையும் சொல்லவில்லை என்றால் எல்லோரையும் சொன்னதாக அர்த்தம். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான் மேடம். யாரிடமும் நீ யார் என்று கேட்காமல் எல்லோரையும் பத்திரமாகத் தரையில் இறக்கிவிடும் வரி. சிவப்பு பட்டனை அமுக்கிப் பார்த்தோம். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெத்தென்று நின்றது.

அடுத்த மீட்டிங்குக்கு முதலாளி வந்திருந்தார். சார் எழுந்து கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு சொன்னார். "எதுவுமே சொல்லலைன்னா எல்லாரும்னு அர்த்தம். காலைல குளிக்கும்போது தோணுச்சு சார்." முதலாளி கைதட்டினார். எனக்குக் கை வரவில்லை. சார் என் பக்கம் திரும்பி, தட்டு என்று கண்ணால் காட்டினார். தட்டினேன். சத்தமாகவே தட்டினேன்.

பிறகு பலகை வந்தது. பளபளவென்று எஃகில் செய்து, ராட்டினத்தின் காலடியில் பதித்தார்கள். இதை உருவாக்கியவர்கள் என்று போட்டு, முதலாளி பெயர், சார் பெயர், சாருடைய மாமனார் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'மற்றும் பலர்'. மாமனாரை ஆபீஸில் எல்லோரும் மாமா என்போம். அவர் ஆலோசகர். கூண்டுகளுக்கு ஆரஞ்சு வண்ணம் அடிக்கலாம் என்பது அவர் கொடுத்த ஆலோசனை. சார் அதை மிகவும் பாராட்டிவிட்டு நீலம் அடித்தார்.

பலகையைப் பார்த்த அன்றைக்கே சாரிடம் போனேன். அம்மா சொன்னதெல்லாம் காதில் கேட்டது. இருந்தாலும் கேட்டேன். "பலகைல என் பேரைப் போடுங்க சார்."

அவர் கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார். "பேர் போட ஆரம்பிச்சா எங்கம்மா நிறுத்தறது? அதுக்குத்தான் மற்றும் பலர்னு போட்டிருக்கேன். அதுல நீ இருக்க, எல்லாரும் இருக்காங்க. உன் மெத்தட் மாதிரியேதான். எத்தனை பேர் வந்தாலும் அடங்கும்."

எவ்வளவு பொருத்தமான பதில் பாருங்கள். என் மூன்று புள்ளியை எடுத்து என் தலையிலேயே வைத்துவிட்டார். சிரிப்பு வந்தது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கோபம் என்று எழுதாதீர்கள். கோபம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. அது என் உடம்போடு இருக்கிற சூடு, அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். அன்றைக்கு வந்தது ஒரு குஷி. ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு விநாடி நிற்குமே, அப்போது வயிற்றுக்குள் ஒன்று குப்பென்று எழும்புமே, அது. பெயர் வேண்டாத இடத்தில் வரி மட்டும் எதற்கு என்று தோன்றிவிட்டது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் தாங்கள் மாட்டிய பல்பைக் கழற்றிக்கொண்டு போவதில்லையா? பின்னால் வருகிறவன் இருட்டில் முட்டிக்கொண்டால் அவர்கள் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. நான் எதையும் கெடுக்கவில்லை. புதிதாக ஒன்றும் எழுதவில்லை. என் ஒரு வரியை நான் எடுத்துக்கொண்டேன். திறப்பு விழா அன்று காலை, ரிப்பன் கட்டிக்கொண்டிருக்கும்போது.

இப்போது அக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். எல்லோரும் அதையே கேட்கிறார்கள்.

அக்கா பூங்காவில் ஹவுஸ்கீப்பிங். கூண்டுகளின் கண்ணாடியைத் தினமும் துடைப்பவர். அவர் வீட்டுக்காரர் அங்கேயே கேட்டில் செக்யூரிட்டி. நாங்கள் பூங்காவின் கண்ட்ரோல் ரூமிலேயே உட்கார்ந்து வேலை பார்த்த நாட்களில், மதியம் அக்கா தன் டப்பாவோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார், பாதியை என் பக்கம் தள்ளுவார். "தின்னுடி படிச்சவளே. கம்ப்யூட்டர் சோறு போடாது." நான் சிரித்தால், "பல்லைக் காட்டாதே, சோத்தைக் காட்டு" என்பார். தினமும் துடைக்கிறாரே தவிர ஒரு தடவையும் ஏறிச் சுற்றியதில்லை. துடைக்கிறவர்கள் ஏறக் கூடாது என்று விதி. "மேல போனா எங்க வீட்டு மொட்டை மாடி தெரியுமாமே? காயப்போட்ட துணிகூடத் தெரியுமாடி?" என்று கேட்டார். தெரியும்க்கா என்றேன். ஒரு நாள் ஏற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். சும்மா வாய்வார்த்தைக்கு.

அவர் பெயரை நீங்கள் சொல்லித்தான் இன்றைக்குக் கேள்விப்பட்டேன். நல்ல பெயர். நான் கேட்டதில்லை, கேட்கத் தோன்றவில்லை. அதில் என்ன இருக்கிறது, அக்கா என்பது மரியாதையான வார்த்தைதானே.

அன்று விருந்தினர்கள் நினைத்த அளவுக்கு வரவில்லை. மேலேயிருந்து படம் எடுக்கக் குட்டி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டிருந்தார்கள். திரையில் பார்த்தால் முக்கால்வாசிக் கூண்டுகள் வெறிச்சென்று தெரிந்தன. சார் வாக்கிடாக்கியில் கத்தினார். "காலியா தெரியுதுய்யா, அசிங்கமா இருக்கு. கைல கிடைக்கிற ஆளை எல்லாம் ஏத்து." காலி என்பதைப் பற்றி சார் யோசித்தது அன்றைக்குத்தான். கேண்டீன் ஆட்கள், தோட்டக்காரர்கள், ஹவுஸ்கீப்பிங் எல்லோரையும் கூட்டிவந்து ஏற்றினார்கள். டிக்கெட் யாருக்கும் கிடையாது, இலவசம். படத்தில் தெரிந்தால் அசிங்கம் என்று வாக்கிடாக்கியையும் போன்களையும் கீழேயே கொடுத்துவிட்டு, முதலாளியும் சாரும் மாமாவும் முதல் கூண்டில் ஏறிக் கை காட்டினார்கள். என்னைக் கண்ட்ரோல் ரூமிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தது திரையும் எண்களும். யார் எந்தக் கூண்டில் ஏறினார்கள் என்று நான் எப்படிப் பார்ப்பேன்? அக்கா ஏறியது எனக்குத் தெரியாது. மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான்.

பச்சை பட்டனை அமுக்கினார்கள். பாட்டு போட்டார்கள். சார் கேமராவுக்காகக் காட்சி வேகம் என்று ஒன்றை வைத்திருந்தார், மாமூல் வேகத்தைவிட நல்ல வேகம். ராட்டினம் எழுந்து சுற்ற ஆரம்பித்தது. நீலக் கூண்டுகள் ஒன்றின் பின் ஒன்றாக வெயிலில் பளிச் பளிச்சென்று... நான் பார்த்ததிலேயே அழகான காட்சி அது மேடம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இருப்பதாகப் படவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மிச்சத்தை நான் மற்றவர்களைப் போலப் போனில்தான் பார்த்தேன். நின்றிருந்த எல்லோரும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முதலில் பஸ்ஸில் பார்த்தேன். கேட்டால் நீங்களும் சிரித்துவிடுவீர்கள். நிறுத்த வேண்டிய நேரம் வந்து, ராட்டினத்தை ஓட்டுகிற ஆப்பரேட்டர் அண்ணன் நிறுத்தும் பட்டனை அமுக்குகிறார். ராட்டினத்தைப் பொறுத்தவரை உள்ளே யாருமில்லை, அடைப்பு காலி, அது சுற்றுகிறது. சிவப்பு பட்டனை அமுக்குகிறார். காலி. மறுபடி அமுக்குகிறார். பட்டனில் தூசி இருக்கும் என்று வாயால் ஊதுகிறார். சட்டை நுனியால் துடைக்கிறார். முதலாளி, விருந்தாளிகளுக்காக இன்னொரு சுற்று விடுகிறார்கள் என்று நினைத்து, தாண்டிப் போகும்போது இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டுகிறார். அடுத்த சுற்றிலும் காட்டுகிறார். அதற்கடுத்த சுற்றில் ஒரு விரல்தான். மாமா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, விழாவுக்காக வைத்திருந்த தொப்பிக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறார். தொப்பி ஆரஞ்சு.

சாருக்கு மட்டும் சீக்கிரமே புரிந்துவிட்டது. கெட்டிக்காரர்தான். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து கூண்டு நம்பர்களைக் கையால் அடித்தால் போதும், ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஆனால் அந்த அறை இரண்டே அட்டைக்குத்தான் திறக்கும். ஒன்று என்னிடம். மற்றது சாரிடம், சாரோடு சேர்ந்து மேலே சுற்றிக்கொண்டிருந்தது. காற்றுக்கு விட்டிருக்கும் இடுக்கு வழியாக அதைத் தூக்கி எறிந்தார். அது கேண்டீன் கூரை மேல் போய் விழுந்தது. சரி, சொல்லியாவது பார்ப்போம் என்று, மேடையைக் கடக்கும்போதெல்லாம் கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினார். கடக்கிற நேரத்தில் ஒரு வார்த்தைக்குத்தான் இடமிருந்தது. "கண்ட்ரோல்" என்றார். ஒரு முழுச் சுற்று. "ரூம்ல" என்றார். இன்னொரு சுற்று. "இருக்கற". ஆப்பரேட்டர் அண்ணன் விரல் விட்டு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு நிற்கிறார். "அந்த". சுற்று. "பொண்ணை". சுற்று. "கூப்பிடு".

எந்தப் பொண்ணு என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. அங்கே எத்தனையோ பெண்கள். அவர் பதிலுக்குக் கையை விரித்துக் காட்டுகிறார். கவனித்தீர்களா மேடம். உயிர் போகிற நேரத்தில்கூட சார் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல ஒரே ஒரு சுற்று போதும். மைக்கில் கூப்பிட்டிருப்பார்கள். அப்போது நான் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றுகொண்டிருந்தேன், பூங்கா மைக் அங்கே நன்றாகவே கேட்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

அட்டை என் பையில் இருந்தது பற்றிக் கேட்டீர்கள். பழக்கத்தில் போட்டிருப்பேன். கேட்டில் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பது விதிதான். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போடுவதாக உங்கள் கேமராவில் தெரிகிறது என்றால் தெரிந்துவிட்டுப் போகட்டும். எதையும் பார்த்துவிட்டுத்தானே உள்ளே போடுவோம்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடி இப்படிச் சிரிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அவள் பார்க்க ஆரம்பித்தது அக்கா வரும் இடத்தில்.

கூண்டுக் கதவுக்கு உள்பக்கம், கீழே, ஒரு சின்னக் கொக்கி உண்டு. சுத்தம் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக வைத்தது. துடைக்கிறவர்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அந்தக் கூண்டில் இருந்த தோட்டக்காரப் பெரியவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஆள் பேச்சில்லாமல் சரிந்துவிட்டார். மேடை வரும்போது இறங்கிப் போய் யாரையாவது கூட்டிவரலாம் என்று அக்கா கணக்குப் போட்டிருப்பார். கொக்கியைத் தள்ளுகிறார், கதவு திறக்கிறது, ஒரு காலை வெளியே வைக்கிறார். காட்சி வேகம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. கணக்கு கொஞ்சம் தப்பிவிட்டது.

அம்மா கேட்டாள். "அந்த அம்மா யாருடி?"

"அங்க வேலை செய்றவங்கம்மா."

"பேரு என்ன?"

"தெரியாதும்மா."

அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வரும்வரை வெளியே வரவில்லை. இதையெல்லாம் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை, வயதாகிவிட்டது.

மின்சார ஆபீஸிலிருந்து ஆள் வந்து மொத்தமாகக் கரண்டை நிறுத்தியதும், ஏணி வைத்து ஒவ்வொருவராக இறக்கியதும் உங்களுக்கே தெரியும். முதலாளிக்கு இன்னும் நேராக நடக்க வரவில்லையாம். தோட்டக்காரப் பெரியவர் பிழைத்துக்கொண்டார். அக்கா இன்று காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டார் என்று நீங்கள் சொன்னீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், அந்த இடத்தில் நான் செய்தது என்ன? நான் யாரையும் தள்ளவில்லை. எந்தக் கதவையும் பூட்டவில்லை. ஒருவர் பெயரையும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். காலியாக விட்டேன். காலியாக விடுவது குற்றம் என்றால் அந்தப் பலகையைச் செய்தவர்களை முதலில் கூப்பிடுங்கள். மூன்று புள்ளிக்குள் போட்டு மூடப்படுகிறவர்கள் எல்லோருக்காகவும்தான் இதைச் செய்தேன். எங்கள் அம்மாவுக்காக. அக்கா மாதிரி ஆட்களுக்காக.

சரி, கேட் விஷயம். அங்கே இருக்கிற கேமராவில் படம்தான் தெரிகிறது, சத்தம் இல்லை, செக்யூரிட்டி அண்ணனும் இப்போது பேசுகிற நிலைமையில் இல்லை என்றீர்கள். பரவாயில்லை, நான் சொல்கிறேன். எனக்கு ஞாபகசக்தி நன்றாக உண்டு. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, ஏனென்றால் அதில் ஒன்றுமே இல்லை. இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டோம்.

கண்ட்ரோல் ரூம் கதவு எனக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது, டொக் என்று. படியில் இறங்கினேன். கால் தரையில் படவே இல்லை. சின்ன வயதில் ஸ்கூல் விட்டதும் ஓடுவோமே, அந்த மாதிரி. யோசிக்கவோ திரும்பிப் பார்க்கவோ ஒன்றும் பாக்கி இல்லை. எல்லாம் காலையிலேயே முடிவு பண்ணியாயிற்று. ராட்டினம் அப்போதுதான் இரண்டாவது சுற்றில் இருந்தது, பாட்டுச் சத்தம் கேட் வரைக்கும் வந்தது. செக்யூரிட்டி அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"என்ன மேடம், அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?"

"தலை சுத்துதுண்ணா."

"ஏறாமலேயா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்க வேண்டியது அவர் வேலை. நானே ஜிப்பில் கை வைத்தேன். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். "உங்க பையை எதுக்கு மேடம் பாக்கணும்? போங்க."

நான் நகரும்போது மறுபடி கூப்பிட்டார். "மேடம், மேல யாரு யாரு இருக்காங்க? டிரைவருங்க கேக்கறாங்க, வண்டியை எப்ப எடுத்துட்டு வரதுன்னு."

ஒவ்வொரு விரலாக மடக்கினேன். "முதலாளி. சார். மாமா." மூன்று விரல் மடங்கியது. மிச்ச விரல்களை அப்படியே காற்றில் ஆட்டிக் காட்டினேன். "மற்றும் பலர்."

அவருக்கு அது பிடித்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மேலே கையைக் காட்டிச் சொன்னார், குரலில் அப்படியொரு பெருமை. "அந்தப் பலர்ல எங்க வீட்டுக்காரியும் ஒருத்தி மேடம்."

"தெரியும்ணா" என்றேன். கேட்டைத் தாண்டி நடந்தேன்.